பிழை நோட்டு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினான்கு தொட்டிகள் இருக்கின்றன. கத்தரி, தக்காளி, பச்சை மிளகாய், மணத்தக்காளி, ஒரு கறிவேப்பிலை. ரிடையர் ஆன பிறகு காலையில் ஒரு மணி நேரம் அங்கேதான் போகிறது. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று தொங்குகிறது. அதில் இப்படித்தான் எழுதியிருப்பேன்: "மிளகாய் நாற்றை மத்தியான வெயிலில் பிடுங்கி நட்டேன். வாடிவிட்டது." "தக்காளிக்கு இலைமேலேயே தண்ணீர் ஊற்றினேன். இலையில் புள்ளி விழுந்தது."

ஒருநாள் துணி காயப்போட வந்த என் மனைவி அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, காய்ச்சதை எழுத மாட்டீங்களா? வீணாப் போனதை மட்டும்தான் எழுதுவீங்களா?"

"காய்ச்சது சாப்பாட்டுத் தட்டுல தெரியுதே" என்றேன்.

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் இந்தப் பழக்கம் என் சொந்தச் சரக்கு இல்லை. நான் நேரில் பார்த்தே இராத ஓர் அமெரிக்கப் பேராசிரியரிடம் கற்றுக்கொண்டது. கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் கற்றுக்கொள்ளாமல், தாமதமாகக் கற்றுக்கொண்டது. அந்தக் கதையைத்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் நான் செய்தது புரோகிராம் எழுதும் வேலை. இந்தத் தொழிலில் தவறுக்கு 'பக்' என்று பெயர், அதாவது பூச்சி. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்ற கம்ப்யூட்டர் தகராறு செய்தது. திறந்து பார்த்தால் ஒரு ரிலேயில் நிஜமாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்து, வேலைப் பதிவேட்டிலேயே டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் குறிப்பும் எழுதிவைத்தார்கள். அந்தப் பக்கம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'பக்' என்ற சொல் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்ததுதான். எடிசனே 1878-இல் கடிதம் ஒன்றில் அந்தப் பொருளில் எழுதியிருக்கிறார். என்னைக் கவர்ந்தது சொல் இல்லை, ஒட்டிவைத்த செயல். இயந்திரம் ஓடியதும் பூச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர்கள் பதிந்துவைத்தார்கள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் 'எட்சாக்' என்ற கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. அதைக் கட்டியவர் மாரிஸ் வில்க்ஸ். ஏரி சமன்பாடு என்ற கணக்குக்காக அவர் எழுதிய புரோகிராம் 126 வரிதான். அதில் சுமார் 20 தவறு. கம்ப்யூட்டர் இருந்த அறைக்கும் நாடாவில் துளை போடும் அறைக்கும் இடையே மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று உறைத்ததாம். மீதி வாழ்நாளில் பெரும் பகுதி தன்னுடைய தவறுகளைத் தானே தேடுவதில்தான் கழியப்போகிறது என்று. தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். தொழில் பிறந்து அதிக காலம் ஆகவில்லை. அதற்குள் அதன் சுபாவம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

1979-இல் மெட்ராஸில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் பஞ்ச் கார்டு போகவில்லை. ஒரு கார்டில் 80 பத்தி, ஒரு வரி புரோகிராமுக்கு ஒரு கார்டு. எழுதியது கோபால் மொழியில். "பையன் கோபாலோட வேலை பாக்கறான்" என்று என் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கோபால் நல்ல மனுஷனாக இருக்க வேண்டுமே என்று அவளுக்குக் கவலை.

நாங்கள் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதைக் கார்டில் துளை போட ஒரு தனி அறை. அங்கே இருந்தவர்களில் மூத்தவரை எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். அவர் விரல் போகிற வேகத்தில் மெஷின் சத்தம் மழை மாதிரி கேட்கும். ஒருவர் துளை போட்ட கார்டை இன்னொருவர் வெரிஃபையர் என்ற மெஷினில் மறுபடியும் அடித்துச் சரிபார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால் கார்டின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழும்.

1981-இல் சம்பளப் பட்டியல் புரோகிராமைத் திருத்தி எழுதும் வேலை எனக்கு வந்தது. அதில் பண்டிகை அட்வான்ஸ் ஒரு பகுதி. தீபாவளிக்கு 400 ரூபாய் வாங்கினால் மாதம் 40 ரூபாயாகப் பத்துத் தவணையில் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் பிடித்துவிட்டு, தவணை எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்து ஆனதும் நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் விஷயம். வருகைப் பதிவு தாமதமாக வந்தவர்களுக்கு மாத நடுவில் ஒரு துணைப் பட்டியல் போடுவோம். அதற்கான பகுதியிலும் 40 ரூபாய் பிடிக்க எழுதினேன். ஒன்றைக் கூட்ட மறந்துவிட்டேன்.

அந்த வருஷம் துணைப் பட்டியலில் வந்த அட்வான்ஸ்காரர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் பதினோராவது தவணையும் பிடித்தாகிவிட்டது. அவர்களில் ஒருவர் வாட்ச்மேன். சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு எங்கள் பிரிவுக்கே வந்துவிட்டார். "பத்து மாசம்தானே சார் பேச்சு?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

மேலதிகாரி விசாரித்தார். மூன்று பேருக்கு மட்டும் தப்பு வந்திருப்பதால் கார்டில்தான் தப்பு, ஆரம்ப எண்ணைத் தப்பாகத் துளை போட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்தார். அந்தக் கார்டுகள் பழைய பேப்பரோடு எடைக்குப் போய் மாதக்கணக்காகியிருந்தது. அக்கா சொல்லிப் பார்த்தார். என்னிடமும் சொன்னார்: "வெட்டு விழுந்த கார்டு பொய் சொல்லாது தம்பி." எடுபடவில்லை. அவருக்கு ஒரு மெமோ வந்தது. சம்பளப் பட்டியல் கார்டுகளை இனி வேறொருவர் பார்ப்பார் என்று சொல்லி, அவரை டெஸ்பாட்ச் பிரிவுக்கு மாற்றினார்கள். மூன்று பேருக்கும் அடுத்த மாதம் 40 ரூபாய் திரும்பக் கிடைத்தது.

இருபது நாள் கழித்து, பஸ்ஸில் வரும்போது புரோகிராம் பட்டியலை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைதாப்பேட்டை தாண்டும்போது கண்ணில் பட்டது. கூட்டல் வரி இல்லை. மறுநாள் காலையில் அந்த ஒரு வரிக்கு ஒரு கார்டு போட்டுச் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்போது நான் இன்னும் நிரந்தரமாகவில்லை, வீட்டில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரணம் எல்லாம் இருந்தது. இல்லாமல் எங்கே போகும்?

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். 1985-இல் அது எரிந்துபோனது பலருக்கு நினைவிருக்கும். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பழைய புத்தகத்துக்கு அதைப்போல ஓர் இடம் பிறகு வாய்க்கவில்லை. மருத்துவப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகம் கிடந்தது. 'த ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்', முதல் தொகுதி. எழுதியவர் டொனால்டு கனூத். கடைக்காரர் கேட்ட விலைக்கு அந்த வாரம் மத்தியானச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டேன்.

கனூத் 1938-இல் அமெரிக்காவில் மில்வாக்கியில் பிறந்தவர். பள்ளியில் எட்டாவது படிக்கும்போது ஒரு மிட்டாய்க் கம்பெனி போட்டி வைத்தது. 'ஜீக்லர்ஸ் ஜயன்ட் பார்' என்ற தங்கள் மிட்டாயின் பெயரில் உள்ள எழுத்துகளை வைத்து எத்தனை சொல் எழுத முடியும் என்று. பையன் வயிற்றுவலி என்று சாக்குச் சொல்லி இரண்டு வாரம் பள்ளிக்கு மட்டம் போட்டான். பெரிய அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு சுமார் 4,500 சொற்களை எழுதிவிட்டான். நடுவர்கள் கையில் இருந்த பட்டியலிலேயே 2,500 சொல்தான் இருந்தது. பரிசாகப் பள்ளிக்கு ஒரு டி.வி. பெட்டி வந்தது.

1956-இல் கேஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே ஐ.பி.எம். 650 என்ற கம்ப்யூட்டர் இருந்தது. அதோடு வந்த கையேட்டில் இருந்த புரோகிராம்களைப் படித்துவிட்டு, இதைவிட நன்றாக நம்மாலேயே எழுத முடியுமே என்று தோன்றியதாம். கல்லூரிக் கூடைப்பந்து அணியின் ஆட்டக்காரர்களை எடைபோட ஒரு புரோகிராம் எழுதினார். பின்னாளில் தன் பெரிய புத்தகத்தை அவர் சமர்ப்பணம் செய்தது அப்பா அம்மாவுக்கோ குருவுக்கோ இல்லை, அந்த 650 மெஷினுக்கு.

அந்தப் புத்தகம் வந்த கதையும் ஒரு கணக்குப் பிழையில்தான் தொடங்குகிறது. 1962-இல் ஒரு பதிப்பகம் அவரிடம் ஒரு புத்தகம் கேட்டது. அப்போது வயது 24. பன்னிரண்டு அத்தியாயம் என்று திட்டம் போட்டுக் கையால் சுமார் 3,000 பக்கம் எழுதினார். கையெழுத்தில் ஐந்து பக்கம் சேர்ந்தால் அச்சில் ஒரு பக்கம் என்று நினைத்திருந்தார். பதிப்பகத்தார் எண்ணிப் பார்த்தால் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு பக்கம். ஒரே புத்தகமாகப் போட்டால் 2,000 பக்கம் வரும். அதை ஏழு தொகுதியாகப் பிரித்தார்கள். முதல் தொகுதி 1968, இரண்டாவது 1969, மூன்றாவது 1973. நான்காவது தொகுதியின் முதல் பாகம் 2011-இல்தான் வந்தது. அடுத்த பாகம் 2022-இல்.

ஒவ்வொரு பயிற்சிக் கணக்குக்கும் பக்கத்தில் 0 முதல் 50 வரை கடினத்தைக் குறிக்கும் ஓர் எண் இருக்கும். 10 என்றால் ஒரு நிமிஷ வேலை. 50 என்றால் உலகத்தில் யாரும் இன்னும் தீர்க்காதது. ஃபெர்மாவின் தேற்றத்துக்கு முதல் பதிப்பில் 50 போட்டிருந்தார். ஆண்ட்ரூ வைல்ஸ் அதை நிரூபித்த பிறகு வந்த பதிப்பில் 45 ஆகக் குறைத்தார். ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்த கையோடு ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு உட்காருவது எனக்குப் பல வருஷப் பொழுதுபோக்காக இருந்தது. 25-ஐத் தாண்டிப் போனது ரொம்பக் குறைவு.

என்னை உட்காரவைத்தது வேறொரு விஷயம். இந்தப் புத்தகத்தில் தவறு கண்டுபிடித்து எழுதுகிறவருக்குப் பணம் தருவேன் என்று சொல்லியிருந்தார். அந்தத் தொகை பிறகு 2 டாலர் 56 சென்ட் என்று நிலைத்தது. 256 என்பது கம்ப்யூட்டர்காரர்கள் பயன்படுத்தும் பதினாறின் எண் முறையில் சரியாக 100. அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பும் செக்கை வாங்கியவர்களில் பலர் பாங்கியில் போடவில்லை. ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். 2008-இல் செக் மோசடிக்குப் பயந்து நிஜ செக் எழுதுவதை நிறுத்தி, இல்லாத ஊரின் இல்லாத பாங்கி பெயரில் சான்றிதழ் அனுப்ப ஆரம்பித்தார்.

என் தவறைக் கண்டுபிடி, நான் உனக்குக் காசு தருகிறேன் என்று ஒருவர் அச்சில் சொல்கிறார். என் தவறுக்கு அக்கா மெமோ வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1977-இல் இரண்டாம் தொகுதியின் புதுப் பதிப்புக்கு அச்சுப் படி வந்தது. ஈயத்தில் அச்சுக் கோக்கும் காலம் போய் ஃபோட்டோ முறை வந்திருந்தது. எழுத்துகள் அசிங்கமாக இருந்தன. கனூத்துக்கு மனசு ஆறவில்லை. எழுத்து என்பதும் மை இருக்கும் இடம், இல்லாத இடம், அதாவது 1, 0 என்றுதானே, அது நம் தொழில்தானே என்று புத்தகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பக்கம் கோக்க 'டெக்' என்ற புரோகிராமும், எழுத்து வரைய 'மெட்டாஃபாண்ட்' என்ற புரோகிராமும் எழுதக் கிளம்பினார். ஒரு வருஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தார். பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. ஆங்கில 'எஸ்' எழுத்து மட்டும் ராத்திரி பகலாக அவரைப் படுத்தியது. அதன் வளைவுக்குச் சரியான கணக்கு பிடிபடவில்லை.

முடித்ததும் அதை இலவசமாகக் கொடுத்துவிட்டார். கணிதம், இயற்பியல் கட்டுரைகள் இன்றும் பெரும்பாலும் அதில்தான் கோக்கப்படுகின்றன. நம் சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குப் பக்கம் கோத்துக் கொடுத்து எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன. 2002-இல் டெக் பயன்படுத்துவோரின் உலக மாநாடே திருவனந்தபுரத்தில் நடந்தது.

அந்தப் புரோகிராமில் தவறு தேட உட்கார்ந்த 1978 மார்ச் முதல் அவர் ஒரு பதிவேடு வைத்தார். தான் செய்த தவறு ஒவ்வொன்றையும் எழுதினார். 1989-இல் அதை முழுசாக ஒரு கட்டுரையோடு சேர்த்து வெளியிட்டார். 800-க்கு மேல் பதிவுகள். அவற்றைப் பதினைந்து வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் குறி. யோசனையே தப்பு என்பது ஒரு வகை. கைதவறி அடித்தது ஒரு வகை. இப்படியும் நடக்கும் என்று எதிர்பார்க்காதது ஒரு வகை. செய்ய நினைத்து மறந்துபோனது ஒரு வகை.

அப்போது அவர் கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருதை வாங்கிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் சொல்லாவிட்டால் அந்த 800-இல் முக்கால்வாசி யாருக்குமே தெரிந்திருக்காது.

அவருடைய மற்றப் பொழுதுபோக்குகளையும் சொல்ல வேண்டும். வீட்டிலேயே குழாய் ஆர்கன் ஒன்றைக் கட்டிவைத்து வாசிப்பவர். மெயில் பார்ப்பதை 1990 ஜனவரி 1-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டவர். யாராவது தவறு கண்டுபிடித்தால் கடிதம் எழுத வேண்டியதுதான். அவர் அவற்றைச் சேர்த்துவைத்து நிதானமாகப் பார்ப்பார். டெக் புரோகிராமின் பதிப்பு எண்ணில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பை என்ற எண்ணின் அடுத்த இலக்கத்தைச் சேர்க்கிறார். இப்போது 3.141592653. தான் காலமானதும் அதைப் பை என்றே வைத்துவிட்டு, அதற்குப் பிறகு யாரும் கைவைக்கக் கூடாது, மிச்சமிருக்கும் தவறுகள் எல்லாம் அம்சங்கள் ஆகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். எத்தனை தேடினாலும் மிச்சம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பிழைப் பட்டியலை 90-களின் நடுவில் ஒரு நூலகத்தில் படித்தேன். படித்துக்கொண்டே வந்தபோது மறந்துபோன வேலைக்கான எழுத்து வந்த இடத்தில் நின்றுவிட்டேன். என் கூட்டல் வரிக்கு அதுதான் குறி. ஆனால் இருபது நாள் கழித்துத் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதற்கு அந்தப் பதினைந்தில் ஓர் எழுத்தும் இல்லை.

அப்போதும் நான் ஒன்றும் செய்யவில்லை. 2009-இல் பழைய ஊழியர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. அக்கா வந்திருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, 81-இல் நடந்ததை முழுசாகச் சொன்னேன். அவர் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை, அதெல்லாம் எப்பவோ மறந்துபோச்சு என்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"எங்க வீட்டுக்காரர் இருந்தப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். "பால் பொங்கி வழிஞ்சாலும், சாவியை எங்கேயாவது வெச்சிட்டாலும், ஆபீஸ்லயே மெமோ வாங்கினவதானேம்பார். சும்மா கிண்டலுக்குத்தான். நான் அடிச்சது சரிதான்னு கடைசிவரைக்கும் அவர்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அவர் கணவர் தவறி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

வேறு எதுவும் பேசவில்லை. கிளம்பும்போது என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கடையில் நோட்டு வாங்கினேன். மாடியில் இப்போது தொங்குவது அதே நோட்டுதான். கத்தரியும் தக்காளியும் நான்காவது பக்கத்திலிருந்துதான் ஆரம்பம். முதல் பக்கத்தில் நான்கு கட்டம் போட்டு ஒரே ஒரு பதிவு இருக்கிறது. தவறு: துணைப் பட்டியலில் தவணை எண்ணிக்கையைக் கூட்டவில்லை. செய்தவர்: நான். தெரிந்தது: 1981. சொன்னது: 2009.

மனைவி அன்றைக்குப் புரட்டியபோது அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் நானே எடுத்துக் காட்டினேன்.